தாத்தாவின் நினைவை உலகுக்கு உரக்கச் சொன்ன ராக் பாடகர்

வீட்டுப் பிள்ளைகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ராக் இசை கேட்கிறார்கள் என்றால் பெற்றோர் பலருக்கும் எரிச்சல்தான் வரும். "இதெல்லாம் ஒரு பாட்டா? ஒரே கூச்சல்" என்று கடிந்துகொள்வார்கள். கிழிந்த உடை, நீண்ட தாடி, காதைப் பிளக்கும் கித்தார் என்பதற்கு மேல் அந்த இசையில் என்ன இருந்துவிடப் போகிறது என்பது அவர்களின் எண்ணம்.

ஆனால், அந்தக் கூச்சலுக்குள் ஓர் இனத்தின் கண்ணீர்க் கதை ஒளிந்திருந்தால்? உலக வல்லரசு ஒன்று பல ஆண்டுகளாக வாய்திறந்து சொல்ல மறுத்த ஒரு சொல்லை, பாட்டின் வழியாகவும் படத்தின் வழியாகவும் லட்சக்கணக்கான இளைஞர்களின் காதில் ஒருவர் போட்டுவைத்திருந்தால்? அப்படிச் செய்தவர்தான் செர்ஜ் டான்கியன். லெபனானில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, ராக் பாடகராகப் புகழ்பெற்று, பின்னர் திரைப்பட இசையமைப்பாளராகவும் ஆவணப்படத் தயாரிப்பாளராகவும் மாறிய ஆர்மீனியர் அவர்.

நமக்கு அந்நியர் அல்லர்

ஆர்மீனியா என்றதும் ஏதோ தொலைதூர நாடு என்று தோன்றலாம். ஆனால் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஆர்மீனியர் தெரு இருக்கிறது. பினாங்கின் ஈஸ்டர்ன் ஹோட்டலையும், 1887இல் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஹோட்டலையும் தொடங்கியவர்கள் சார்க்கீஸ் சகோதரர்கள் என்ற ஆர்மீனியர்கள். சிங்கப்பூரின் தேசிய மலரான வேண்டா மிஸ் ஜோவாக்கிம் ஆர்க்கிட் செடிக்குப் பெயர் தந்த ஆக்னஸ் ஜோவாக்கிமும் ஆர்மீனியப் பெண்மணியே.

தமிழகத்தோடும் அவர்களுக்கு உறவுண்டு. சென்னையில் 'அரண்மனைக்காரன் தெரு' என்று மக்கள் அழைப்பது உண்மையில் ஆர்மீனியன் தெரு. பெயர் நம் வாயில் புகுந்து அப்படி உருமாறிவிட்டது! உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794இல் அச்சேறியதும் அதே சென்னையில்தான்.

இவர்கள் வணிகத்தின் பொருட்டு கீழ்த்திசை நாடுகளுக்கு வந்தவர்கள். டான்கியனின் முன்னோரோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள். ஒரே இனத்தின் இருவேறு பயணங்கள் இவை.

1915: ஒரு தேசத்தின் இருண்ட இரவு

டான்கியனைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் 1915ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். துருக்கிய உதுமானியப் பேரரசில் சிறுபான்மையினராக வாழ்ந்த ஆர்மீனியக் கிறிஸ்துவர்களை, எதிரி நாடான ரஷ்யாவுக்குத் துணைபோகக் கூடியவர்கள் என்று ஆட்சியாளர்கள் சந்தேகித்தனர். 1915 ஏப்ரல் 24ஆம் தேதி இரவு இஸ்தான்புல்லில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆர்மீனிய எழுத்தாளர்களும் கலைஞர்களும் சமூகத் தலைவர்களும் கைது செய்யப்பட்டனர். முதலில் ஓர் இனத்தின் பேசும் வாய்களை அடைத்தார்கள். அதன் பிறகு ஊர் ஊராகப் படுகொலைகள் நடந்தன. எஞ்சிய பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் சிரியப் பாலைவனத்தை நோக்கிக் கால்நடையாக விரட்டப்பட்டனர். பசியிலும் தாகத்திலும் நோயிலும் வழியெங்கும் மடிந்தார்கள். மாண்டவர்கள் 15 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது.

அன்றிரவு கைதானவர்களில் கோமித்தாஸ் என்ற பாதிரியாரும் ஒருவர். கிராமம் கிராமமாகச் சென்று ஆர்மீனிய நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டிய இசைமேதை. அவர் உயிரோடு திரும்பினாலும் மனம் சிதைந்துபோனார். 1935இல் பாரிஸில் காலமானார். பாடல்களைத் தேடி அலைந்தவரின் கடைசிக் காலம் மருத்துவமனையில் கழிந்தது.

'இனப்படுகொலை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை 1944இல் உருவாக்கியவர் ரபேல் லெம்கின் என்ற போலந்து நாட்டு யூத வழக்கறிஞர். அவரைச் சிந்திக்க வைத்த நிகழ்வுகளில் ஆர்மீனியர்களுக்கு நேர்ந்த கொடுமை முக்கியமானது. ஆனால் துருக்கி அரசு அந்தச் சொல்லை ஏற்பதில்லை. போர்க்காலத்தில் இரு தரப்பிலும் ஏற்பட்ட இழப்பு என்றே அது கூறிவருகிறது. துருக்கி தனது இராணுவக் கூட்டாளி என்பதால் அமெரிக்காவும் நெடுங்காலம் அந்தச் சொல்லைத் தவிர்த்துவந்தது. டான்கியனின் வாழ்க்கைப் போராட்டம் இந்த ஒரு சொல்லைச் சுற்றியதுதான்.

பெய்ரூத்திலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை

படுகொலையில் தப்பிய குழந்தைகளில் ஒருவர் ஸ்டெபான். துருக்கியின் கெய்சேரி நகருக்கு அருகிலுள்ள எஃப்கெரே என்ற ஊரைச் சேர்ந்தவர். தப்பிப் பிழைத்தவர்களில் பலரைப் போலவே அவர் குடும்பமும் லெபனானில் வேரூன்றியது. அவருடைய பேரனாக 1967 ஆகஸ்டு 21ஆம் தேதி பெய்ரூத்தில் பிறந்தார் செர்ஜ் டான்கியன்.

அடைக்கலம் தந்த லெபனானிலும் அமைதி நிலைக்கவில்லை. 1975இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. அவ்வாண்டே குடும்பம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அப்போது செர்ஜுக்கு ஏழு வயது. இரண்டு தலைமுறைக்குள் இரண்டு முறை வீட்டைத் துறந்த குடும்பம் அது.

ஹாலிவுட் பகுதியில் இயங்கிய ஆர்மீனியப் பள்ளியில் அவர் படித்தார். மொழியும் வரலாறும் அங்கே கற்பிக்கப்பட்டன. வீட்டில் தாத்தா சொன்ன கதை, பள்ளியில் படித்த வரலாறு இரண்டும் ஒன்றாக இருந்தன. ஆனால் பள்ளி வாசலைத் தாண்டினால் அமெரிக்க அரசு அப்படி ஒன்று நடந்ததாகவே சொல்லவில்லை. மக்களாட்சி, மனித உரிமை என்று பேசும் ஒரு நாடு, தன் தாத்தா கண்ணால் கண்டதை ஏன் ஏற்க மறுக்கிறது? இந்தக் கேள்விதான் தன்னைச் சமூகப் போராளியாக்கியது என்று பின்னாளில் அவர் பலமுறை குறிப்பிட்டிருக்கிறார்.

இசைக்கு அவர் வந்தது தாமதமாகத்தான். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது கீபோர்டு ஒன்றைத் தானாகவே வாசித்துப் பழகினார். முறைப்படி குருவிடம் கற்றவரல்லர். நார்த்ரிட்ஜிலுள்ள கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சந்தைப்படுத்தல் துறையில் பட்டம் பெற்று, நகைத் தொழிலுக்கான கணக்கு மென்பொருள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றையும் நடத்தினார். குடியேறிய குடும்பத்துப் பிள்ளை ஒரு நிலையான தொழிலில் அமர வேண்டும் என்பதுதானே எந்தப் பெற்றோருக்கும் ஆசை! ஆனால் மாலை நேரத்து ஒத்திகைகள் மெல்ல மெல்ல அவரை முழுமையாக இழுத்துக்கொண்டன.

நான்கு பேர், ஒரே வேர்

1994இல் 'சிஸ்டம் ஆஃப் எ டவுன்' என்ற ராக் குழு உருவானது. கித்தார் கலைஞர் டாரன் மலாக்கியன் ஹாலிவுட்டில் பிறந்தவர். பேஸ் கித்தார் வாசிக்கும் ஷாவோ ஓடாஜியன் ஆர்மீனியத் தலைநகர் எரவானில் பிறந்தவர். பின்னர் இணைந்த டிரம்ஸ் கலைஞர் ஜான் டோல்மாயன், டான்கியனைப் போலவே பெய்ரூத்தில் பிறந்தவர். நால்வரும் வெவ்வேறு வழிகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்த ஆர்மீனியப் பிள்ளைகள். ஒரே மரத்தின் விதைகளைக் காற்று திசைக்கொன்றாக வீசியெறிந்து, மீண்டும் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்தது போலத்தான்.

1998இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்பின் கடைசிப் பாடல் ஆர்மீனிய இனப்படுகொலையைப் பற்றியது. புதிதாக வந்த ஒரு குழு, விற்பனையாகுமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாத நிலையில், முதல் தொகுப்பிலேயே இப்படி ஒரு பொருளை எடுத்துக்கொண்டது சாதாரணத் துணிச்சல் அல்ல.

அவர்களின் இசையைக் கூர்ந்து கேட்டால் ஒன்று புலப்படும். வெறிகொண்டு ஓடும் கித்தாருக்கு நடுவே திடீரென ஒரு தேவாலயச் சாயல் தலைகாட்டும். நாட்டுப்புற மெட்டின் குழைவு டான்கியனின் குரலில் கேட்கும். 2001இல் வெளிவந்த 'டாக்சிசிட்டி' தொகுப்பு எல்லா ஆர்ப்பாட்டமும் ஓய்ந்த பிறகு, துருக்கியில் பிறந்த ஆர்மீனியக் கலைஞர் ஆர்தோ துன்ச்போயாஜியானுடன் இணைந்து இசைத்த ஒரு பழைய ஆர்மீனிய வழிபாட்டு மெட்டுடன் முடிகிறது. கோமித்தாஸ் போன்றோர் காத்துவைத்த மரபு இப்படி ஹாலிவுட் வரை வந்து சேர்ந்தது.

புகழின் உச்சியில் வந்த சோதனை

'டாக்சிசிட்டி' 2001 செப்டம்பர் 4ஆம் தேதி வெளியானது. அடுத்த வாரமே அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த வாரம் எது தெரியுமா? நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்ட அதே வாரம்.

ஒரு பெரிய வானொலி நிறுவனம், அந்தச் சூழலுக்குப் பொருந்தாத பாடல்கள் என்று ஒரு பட்டியலைத் தன் நிலையங்களுக்கு அனுப்பியது. குழுவின் புகழ்பெற்ற 'சாப் சூயி' பாடலும் அதில் இடம்பெற்றது. டான்கியன் வாய்மூடி இருந்திருக்கலாம். மாறாக, தாக்குதலைக் கண்டித்ததோடு, மத்திய கிழக்கில் அமெரிக்காவின் எண்ணெய் அரசியலையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதிக் குழுவின் இணையத்தளத்தில் வெளியிட்டார். கோபத்திலும் துயரத்திலும் இருந்த நாட்டில் அது தீயில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. இசைத்தட்டு நிறுவனத்தின் தலையீட்டால் கட்டுரை நீக்கப்பட்டது. மத்திய கிழக்கில் பிறந்தவர், நீண்ட தாடி வைத்தவர் என்ற அடையாளங்களுடன் அன்றைய அமெரிக்காவில் அப்படிப் பேசுவது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அவர் பின்வாங்கவில்லை. 2002இல் கித்தார் கலைஞர் டாம் மொரெல்லோவுடன் இணைந்து சமூக நீதிக்கான ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2003 பிப்ரவரியில் ஈராக் போருக்கு எதிராக நடந்த பேரணிகளைக் கொண்டு, குழுவின் 'பூம்' பாடலுக்கு மைக்கேல் மூர் காணொளி எடுத்தார். 2005இல் வெளியான இரண்டு தொகுப்புகளும் முதலிடம் பிடித்தன. போருக்கு எதிரான 'பி.ஒய்.ஓ.பி.' பாடலுக்கு 2006இல் கிராமி விருது கிடைத்தது.

மேடையிலிருந்து திரைக்கு

பாடல் ஒன்றைச் செய்யும். ஆனால் எல்லாவற்றையும் செய்யாது. ஒரு பாடல் கேட்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். "என்ன நடந்தது?" என்று அவர் கேட்கும்போது விடை சொல்ல நான்கு நிமிடங்கள் போதா. அங்கேதான் திரைப்படத்தின் வேலை தொடங்குகிறது.

2006இல் கார்லா கரபேடியன் இயக்கிய 'ஸ்க்ரீமர்ஸ்' என்ற ஆவணப்படம் இந்தக் குழுவைப் பின்தொடர்ந்தது. 'அலறுபவர்கள்' என்ற அந்தத் தலைப்பு ராக் பாடகர்களை மட்டும் குறிப்பதல்ல. இனப்படுகொலை நடக்கும்போது உலகை எழுப்பக் கூக்குரலிடுபவர்களைக் குறிக்கும் சொல் அது.

படத்தில் இரண்டு காட்சிகள் மறக்க முடியாதவை. ஒன்று, தொண்ணூறு வயதைக் கடந்த ஸ்டெபான் தாத்தா தம் குழந்தைப் பருவத்து அனுபவத்தைச் சொல்லும் காட்சி. இன்னொன்று, அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவைத் தலைவர் டென்னிஸ் ஹாஸ்டெர்டை டான்கியன் நேரில் எதிர்கொள்ளும் காட்சி. இனப்படுகொலையை அங்கீகரிக்கும் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடும் அதிகாரம் ஹாஸ்டெர்ட் கையில் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இலினாய்ஸ் மாநிலத்தில் அவருடைய அலுவலகத்தின் முன்பும் குழுவினர் பேரணி நடத்தியிருந்தனர். தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரவில்லை. ஆனால், ஒரு பேரன் தன் தாத்தாவுக்காக அதிகாரத்தின் முன் நின்று கேட்ட கேள்வி படச்சுருளில் பதிந்துவிட்டது.

அந்தப் படத்தில் பேசிய இன்னொருவர் ஹிராந்த் டிங்க். துருக்கியிலேயே வாழ்ந்து, ஆர்மீனியர்களுக்காகப் பத்திரிகை நடத்திய ஆசிரியர். படம் வெளிவந்த சில வாரங்களில், 2007 ஜனவரி 19ஆம் தேதி, இஸ்தான்புல்லில் தம் அலுவலக வாசலில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் துருக்கியர்கள் பல்லாயிரக்கணக்கில் கலந்துகொண்டு, தாங்களும் ஆர்மீனியர்களே என்ற பதாகைகளை ஏந்தி நடந்தார்கள். அரசின் நிலைப்பாடு வேறு, மக்களின் மனச்சாட்சி வேறு என்பதை அந்த ஊர்வலம் எடுத்துக்காட்டியது.

2006இல் குழு நெடிய ஓய்வில் சென்றது. 2011இல் மீண்டும் மேடையேறினாலும் புதிய தொகுப்பு எதையும் அவர்கள் வெளியிடவில்லை. குழுவுக்குள் கருத்து வேறுபாடுகள் இருந்ததை அவர்களே மறைத்ததில்லை. டான்கியனோ தனித் தொகுப்புகள், சிம்பொனி, மேடை நாடக இசை என்று பல திசைகளில் இயங்கினார். திரைப்படங்களுக்கும் இசையமைத்தார். '1915' என்ற 2015ஆம் ஆண்டுப் படமும், ஜோ பெர்லிங்கர் 2017இல் இயக்கிய 'இன்டென்ட் டு டெஸ்ட்ராய்' ஆவணப்படமும் அவற்றுள் அடங்கும். இரண்டுமே ஆர்மீனிய இனப்படுகொலையைப் பேசுபவை.

எரவானில் ஒரு மழை இரவு

2015ஆம் ஆண்டு படுகொலையின் நூற்றாண்டு. குழு லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி, லண்டன், கொலோன், லியோன், பிரஸ்ஸல்ஸ், மாஸ்கோ வழியாக ஏப்ரல் 23ஆம் தேதி எரவான் நகரை அடைந்தது. ஆர்மீனிய மண்ணில் அவர்கள் நடத்திய முதல் நிகழ்ச்சி அதுதான். அனுமதி இலவசம்.

அன்று மாலைதான் ஆர்மீனியத் திருச்சபை, படுகொலையில் மாண்டவர்களைப் புனிதர்களாக அறிவித்தது. சடங்கு நிறைவடைந்த நேரம் 19 மணி 15 நிமிடம். 1915ஐ நினைவூட்டுவதற்காகவே தேர்ந்தெடுத்த நேரம். ஆலய மணிகள் ஒலித்து ஓய்ந்த அதே இரவில், குடியரசுச் சதுக்கத்தில் கொட்டும் மழையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரண்டு நின்று இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் கூடவே பாடினார்கள். பகலில் பிரார்த்தனை, இரவில் ராக் இசை. இரண்டும் ஒரே அஞ்சலிதான்.

துயரம் மட்டுமே வரலாறு அல்ல

டான்கியனின் திரைப்பணியில் முக்கியமான திருப்பம் 2018இல் வந்தது. பத்தாண்டுகள் அதிபராக இருந்த செர்ஷ் சர்க்சியான், அரசியல் சாசனம் மாற்றப்பட்ட பிறகு பிரதமராகப் பதவியில் தொடர முயன்றார். அதை எதிர்த்து நிக்கோல் பஷினியான் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் மார்ச் 31ஆம் தேதி கியூம்ரி நகரிலிருந்து தலைநகரை நோக்கி நடக்கத் தொடங்கினார். முதலில் ஒரு சிலரே கூடச் சென்றார்கள். சில வாரங்களில் அது நாடு தழுவிய அறப்போராட்டமாயிற்று. ஏப்ரல் 23ஆம் தேதி சர்க்சியான் பதவி விலகினார். மே 8ஆம் தேதி பஷினியான் பிரதமரானார். அந்த நாள்களில் டான்கியனும் எரவானுக்குப் பறந்து வந்து மக்களோடு நின்றார்.

இந்த எழுச்சியை 'ஐ ஆம் நாட் அலோன்' என்ற ஆவணப்படமாகத் தயாரித்து, அதற்கு இசையும் அமைத்தார். இயக்கியவர் காரின் ஹொவன்னிசியன். இவருடைய தாத்தா ரிச்சர்ட் ஹொவன்னிசியன், படுகொலையில் தப்பியவர்களின் வாய்மொழிச் சாட்சியங்களை ஆயிரத்துக்கும் மேல் பதிவுசெய்து வைத்த வரலாற்றுப் பேராசிரியர். வென்றவர், வீழ்ந்தவர் இருவருமே இந்தப் படத்தில் பேசுகிறார்கள். 2019இல் டொரோண்டோ அனைத்துலகத் திரைப்பட விழாவில், பார்வையாளர்கள் வாக்களித்த ஆவணப்பட விருதில் இரண்டாம் இடம் கிடைத்தது. அடுத்து வந்த 'ட்ரூத் டு பவர்' என்ற படம் டான்கியனின் வாழ்க்கையையும் போராட்டத்தையும் பதிவுசெய்தது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2020 செப்டம்பரில் நாகோர்னோ கராபாக் பகுதியில் அஸர்பைஜானுடன் போர் வெடித்தது. 15 ஆண்டுகளாகப் புதிய பாடல் வெளியிடாத நால்வரும் தங்கள் வேறுபாடுகளை ஒதுக்கிவைத்து, அந்த நவம்பரில் இரண்டு பாடல்களை வெளியிட்டார்கள். அதன் மூலம் 6 லட்சம் அமெரிக்க டாலருக்கும் அதிகமாகத் திரட்டி நிவாரணத்துக்கு அளித்தார்கள். இருந்தும், 2023 செப்டம்பரில் அஸர்பைஜான் அப்பகுதியைக் கைப்பற்றியது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆர்மீனியர்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினர். பாட்டாலும் படத்தாலும் போரை நிறுத்த முடியாது என்ற கசப்பான உண்மையை டான்கியனும் கண்டார்.

சொல்லப்பட்ட சொல்

அப்படியானால் இத்தனை ஆண்டு உழைப்பால் கிடைத்ததுதான் என்ன?

2019 அக்டோபர் 29ஆம் தேதி அமெரிக்க மக்களவை, 405க்கு 11 என்ற வாக்குகளில் ஆர்மீனிய இனப்படுகொலையை அங்கீகரித்தது. டிசம்பர் 12ஆம் தேதி செனட் சபை ஒருமனதாக அதை ஏற்றது. 2021 ஏப்ரல் 24ஆம் தேதி அதிபர் ஜோ பைடன் தமது அறிக்கையில் அந்தச் சொல்லை வெளிப்படையாகப் பயன்படுத்தினார்.

இது ஒரு தனிமனிதரின் வெற்றி என்று சொல்வது பொருந்தாது. ஆய்வாளர்கள், சமூக அமைப்புகள், சாட்சி சொன்ன முதியவர்கள் என்று மூன்று தலைமுறைகள் இழுத்த தேர் அது. அரசியல் காரணங்களும் கூடிவந்தன. ஆனால் ஆர்மீனியா எங்கே இருக்கிறது என்றே அறியாத உலக இளைஞர்கள் அந்த வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியதில், இந்த நால்வரின் இசைக்குப் பெரும் பங்கு உண்டு. 2024இல் டான்கியன் தமது வாழ்க்கை நினைவுகளை நூலாகவும் வெளியிட்டார்.

வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்டெபான் தாத்தாவின் கதையைக் கேட்க வீட்டில் ஒரு பேரன் இருந்தான். அந்தக் கதை கேமராவில் பதிவாகும்வரை அவரும் உயிரோடு இருந்தார். ஆயிரக்கணக்கான குடும்பங்களில் இந்த இரண்டும் ஒருசேர அமையவில்லை. சாட்சி மறைந்த பிறகு பதிவுக்கருவியை எடுத்துக்கொண்டு ஓடிப் பயனில்லை. தாத்தாவும் பாட்டியும் பேசும் நிலையில் இருக்கும்போதே அருகில் அமர்ந்து, ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்வது எந்தக் குடும்பத்தாலும் முடிகிற காரியம்தான். இதற்கு ராக் பாடகராக இருக்க வேண்டிய அவசியமில்லை; கையிலிருக்கும் கைத்தொலைபேசியே போதும்.